முகிலும் வெள்ளமும்

கருத்த முகிலைக் கண்டவர் மழை வரும் என்கிறார். ஆற்றில் புதுவெள்ளம் கண்டவர் மலையில் மழை பெய்திருக்கிறது என்கிறார். இரண்டும் அனுமானந்தான். இரண்டையும் ஒரே அளவுக்கு நம்பலாமா?

'மணிமேகலை'யில் வஞ்சி நகரத்துச் சமயவாதிகளிடம் மணிமேகலை அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். அவர்களில் அளவைவாதி, கருதல் அளவையை, அதாவது அனுமானத்தை, மூன்றாகப் பிரிக்கிறான். முகிலைக் கொண்டு மழையைச் சொல்வது 'முதல்'. வெள்ளத்தைக் கொண்டு பெய்த மழையைச் சொல்வது 'எச்சம்'. காட்டில் பிளிறல் கேட்டு யானை உண்டு என்பது 'பொது'. நம் காலத்துச் சுரங்கப் பொறியாளர்களும் இந்த மூன்றுக்கும் நடுவேதான் அல்லாடுகிறார்கள். அவர்களுடைய கேள்வி மழையைப் பற்றியதல்ல, சேற்றைப் பற்றியது.

தாதுப்பாறையை மாவாக அரைத்து, வேண்டிய உலோகத்தை எடுத்துக்கொண்டபின் மிஞ்சுவது கல்மாவும் நீரும் கலந்த குழம்பு, டெய்லிங்ஸ் என்பார்கள். நீர்த்த குழம்பை உயரமான கரைக்குள் தேக்குவது பழைய வழக்கம். கரை உடைந்தால் ஊரே போகும். தென்னாப்பிரிக்காவின் மெரியஸ்புரூட்டில் 1994 பிப்ரவரியில் 17 பேர் இறந்தார்கள். பிரேசிலின் புருமாடின்யோவில் 2019 ஜனவரியில் 270 பேர்.

கனடாவின் மண்ணியல் பொறியாளர் எலி ராபின்ஸ்கி வேறொரு வழி சொன்னார். நீரை முன்கூட்டியே பிரித்துக் குழம்பைக் கெட்டியாக்கி, நடுவில் ஓரிடத்திலிருந்து கொட்டினால், அது தானாகவே தாழ்ந்த கூம்பாகப் படியும். மேலே குளம் நிற்காது, சுற்றிலும் பெரிய கரை தேவைப்படாது. ஒன்டாரியோவில் டிம்மின்ஸ் நகரத்தை அடுத்த கிட் கிரீக் சுரங்கத்தில் 1973இல் இது நடைமுறைக்கு வந்தது. பின்னர் ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்துச் சுரங்கங்கள் பலவும் இதைப் பின்பற்றின.

திட்டம் முழுவதும் ஒரே எண்ணில் நிற்கிறது: கூம்பின் சரிவு. நூறு மீட்டருக்கு மூன்று மீட்டர் சரியும் என்று நம்பி, ஒரு கிலோமீட்டர் ஆரத்துக்கு நிலம் ஒதுக்கியதாகக் கொள்வோம். உண்மையில் இரண்டு மீட்டர்தான் சரிந்தால், அதே கழிவு ஏறக்குறைய 1,145 மீட்டர் வரை பரவும். நிலம் 31 சதவீதம் கூடுதலாக வேண்டும். கண்ணுக்குத் தெரியாத சரிவு வேறுபாடு வேலியைத் தாண்டி அடுத்தவர் நிலத்துக்குப் போய்விடும்.

இந்தச் சரிவைக் கணிக்கப் பொறியாளர்கள் முதலில் கையாண்டது 'முதல்' வழி. குழம்பை ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து, நீண்ட தொட்டியில் ஊற்றி, அது நிற்கும் சரிவை அளந்தார்கள். களத்தில் படிந்ததோ பெரும்பாலும் அதைவிடத் தட்டையாக இருந்தது. சிறிய தொட்டியில் கொஞ்சமாக ஊற்றிய குழம்பு தன் பிசுக்காலேயே மெல்ல நின்றுவிடுகிறது. களத்தில் குழாயிலிருந்து பெருக்காக விழும் குழம்பு தனக்கென்று ஒரு வாய்க்காலை வெட்டிக்கொண்டு ஓடுகிறது. அரிப்பும் படிவும் சமமாகும் சரிவில் வாய்க்கால் நிலைக்கிறது. பெருக்கு கூடினால் சரிவு குறையும்; கெட்டி கூடினால் சரிவும் கூடும். கெட்டி நாளுக்கு நாள் மாறுவதால் கெட்டிக் குழம்பு உச்சியருகே தங்க, நீர்த்தது தொலைவுக்கு ஓடுகிறது. அதனால்தான் வரைபடத்தில் நேர்கோடாக இருந்த கூம்பின் பக்கம் நிலத்தில் உட்குழிந்து நிற்கிறது.

ஆக, சரிவு குழம்பின் குணம் மட்டுமல்ல. குழம்பும் ஓட்டமும் சேர்ந்து உண்டாக்கும் நிகழ்வு. வாளியில் எடுத்துவந்த குழம்புக்குள் அதன் பாதி காரணந்தான் இருந்தது. முகிலுக்குள் முழு மழையும் இருக்கிறது என்று நினைப்பதுதான் 'முதல்' அனுமானத்தில் ஏமாறும் இடம்.

அப்படியானால் 'எச்சம்' போதுமா? படிந்துகிடக்கும் கழிவை அளந்து, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுச் சரிவைக் கணிக்கும் சூத்திரத்தைத் திருத்துகிறவர்கள் உண்டு. இதற்கும் பழைய மறுப்பு ஒன்று இருக்கிறது. ஆறு பெருகியது மழையால் என்று எப்படிச் சொல்ல முடியும், கீழே யாராவது அணை போட்டிருந்தால்? நியாய சூத்திரம் என்ற பழைய தருக்க நூலில் எழும் ஆட்சேபம் இது. வாத்ஸ்யாயனரின் உரை அதற்கு நிதானமாகப் பதில் சொல்கிறது: வெறும் பெருக்கத்தைப் பார்க்காதே, நீரின் வேகத்தைப் பார், நுரையையும் மிதந்துவரும் கட்டையையும் இலையையும் பார். காரியத்தை நுணுகிப் பார்க்கப் பார்க்கத்தான் காரணம் துலங்கும்.

பொறியாளர்கள் வந்து சேர்ந்திருப்பதும் ஏறத்தாழ இங்கேதான். வேறு சுரங்கங்களின் அளவுகளைத் திரட்டுவது அவர்களுடைய 'பொது'. ஆனால் ஒவ்வொரு பாறையின் மாவும் வேறு, ஒவ்வொரு குழாயின் பெருக்கும் வேறு. ஆகவே சரிவுக்கு ஒற்றை எண்ணைத் தராமல் ஒரு வரம்பைத் தருகிறார்கள். அந்த வரம்பின் தட்டையான கோடிக்கும் இடம் இருக்கும்படி நிலம் ஒதுக்குகிறார்கள். கழிவு விழத் தொடங்கிய பிறகு கூம்பின்மேல் அளவெடுத்து, வந்த எண்ணைக் கொண்டு முன்பு போட்ட கணக்கை மறுபடி எழுதுகிறார்கள்.