மதுச்சாலையும் உடன்பாட்டு வினையும்

ஒருவன் செய்த தீவினை அவனைச் சேரும் என்பது யாவரும் அறிந்ததே. அதனைச் செய்வித்தவனையும், செய்யக் கண்டு உடன்பட்டவனையும் அது சேரும் என்பது நம் சமயம் வற்புறுத்தும் உண்மையாம். கொலை, புலால் என்பனபற்றிப் பாடஞ் சொல்லுங்கால் நாம் இதனை மாணாக்கர்க்கு விளங்க உரைக்கின்றோம். ஆயின் நமதூரிலே ஒரு மதுச்சாலை திறக்கப்படும்பொழுது அதற்கு உடன்பட்டவர் யார் என்று எவரேனும் வினவினால், நம்மிற் பலர் விடை கூறாது நழுவிவிடுகின்றோம். அவ்வினாவை ஆசிரிய அன்பர் முன்னிலையில் யாம் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

திருக்கோணமலை பழைய துறைமுகப் பட்டினம். கோணநாதர் எழுந்தருளிய மலையின் அடியிலுள்ள துறையில் 1957ஆம் ஆண்டுவரை ஆங்கிலேயரின் கடற்படை தங்கியிருந்தது. கப்பலோட்டிகள் இறங்கும் பட்டினமும் தவறணையும் பிரியாத உறவின. இக்காலத்தே உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரைகளை நாடிப் பயணிகள் வருகின்றனர். அவர்பொருட்டென்று சொல்லிக்கொண்டு மதுச்சாலைகளும் வருகின்றன. பயணி தான் தங்கிய விடுதியிலேயே குடித்துவிடுகின்றான். தெருவோரக் கடையின் முன் மாலைதோறும் நிற்பவனோ நம் அயலான். அன்புவழிபுரம் போன்ற நகர்ப்புறக் குடியிருப்புகளிலிருந்து கூலிக்குச் சென்று மீள்பவன்.

சில ஆண்டுகளுக்கு முன் யாம் படிப்பித்த பள்ளிக்கூடம் ஒன்றின் அணித்தாக ஒரு மதுச்சாலை இருந்தது. மாலை வகுப்பு முடிந்து செல்லும் பெண்பிள்ளைகள் அவ்விடம் வந்ததும் தெருவின் மறுகரைக்கு ஒதுங்கினர். கடையினின்றும் புறப்பட்ட மோட்டார் சைக்கிள் ஒன்று பாற்காரர் ஒருவரை இடித்து வீழ்த்தியது. பெற்றோர் எம்மிடம் வந்து மனு எழுதித் தருக என்றனர். ஊரில் மனு எழுதுவது உபாத்தியாயர் தொழில் அன்றோ! யாமும் எழுதினோம். பள்ளிக்கூடத்துக்கும் கோயிலுக்கும் கடைக்கும் இடையேயுள்ள தூரத்தைக் கயிறு பிடித்து அளந்து குறித்தோம். விதி கூறும் தூரத்துக்கு அக்கடை உட்பட்டிருந்தது. ஆதலால், “இவ்விடத்தினின்றும் அகற்றியருளுக” என்று முடித்தோம்.

கடை அகன்றது. கோயிலிலே பொங்கலிட்டனர். எமக்குப் பொன்னாடையும் போர்த்தினர். யாமும் மறுக்காது ஏற்றுக்கொண்டோம்.

மூன்று திங்கள் சென்றன. எமது வகுப்பு மாணாக்கன் ஒருவன் காலைப் பாடத்தில் நாடோறும் உறங்கினான். காரணம் வினவினோம். “எங்கள் ஒழுங்கை முனைக்குத் தவறணை வந்திருக்கிறது ஐயா, இரவிலே ஒரே சத்தம், உறங்க முடிவதில்லை” என்றான். அவன் வாழும் குடியிருப்பிலே பள்ளிக்கூடம் இல்லை. கட்டடமாய் எழுந்த கோயிலும் இல்லை. வேப்பமரத்தடியில் ஒரு வைரவர் சூலம் உண்டு. அதனை வழிபாட்டிடம் என்று எவரும் பதிவு செய்ததில்லை. ஆகவே அங்குக் கடை வைத்தல் விதிக்கு மாறன்று. எமது கயிறு அளந்த தூரத்துக்கு அப்பாலே அவன் வீடு இருந்தது. மனு எழுதியவர் யார் என்பதை அவன் அறியான்; யாமும் சொல்லவில்லை.

இஃது எமக்கு மாத்திரம் நேர்ந்த இழுக்கன்று. 2016ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்திலே இந்திய உச்ச நீதிமன்றம், சாலை விபத்துக்களைக் கருதி, தேசிய மாநில நெடுஞ்சாலைகளுக்கு 500 மீற்றருக்குள் மதுக்கடை கூடாது என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பின் நோக்கம் தூயது. 2017 ஏப்பிரலில் அது நடைமுறைக்கு வரவே, தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட அரசாங்கக் கடைகள் மூடப்பட்டன. பின்னர் நிகழ்ந்தது யாது? நெடுஞ்சாலையை விட்ட கடைகளுக்கு ஊர்களின் உள்ளே இடம் தேடப்பட்டது. ஊர்தோறும் பெண்கள் திரண்டு மறித்தனர். திருப்பூர் மாவட்டத்துச் சாமளாபுரத்திலே மறித்த பெண்கள் பொலிசாரால் அடிக்கவும் பட்டனர். நெடுஞ்சாலையிற் செல்வோனுக்கு நேர்ந்த அச்சம் குடியிருப்பிலுள்ள தாய்க்கு மாற்றப்பட்டது, அவ்வளவே.

ஆகவே, ‘எமது தெருவில் வேண்டா’ என்பது அறத்தின் குரல்தானோ என்று நாம் ஐயுறல் வேண்டும். அது அறத்தின் குரலாயின், அயல் தெருவிற் கடை திறக்கப்பட்ட அன்றைக்கும் அக்குரல் எழுந்திருக்கும். எழவில்லை. அப்பால் வைக்க உடன்பட்டே இப்பால் அகற்றுமாறு வேண்டினோம். வாயால் உடன்பாடு கூறவில்லை என்பது மெய், கயிறு கூறிற்று.

அனுமதிப்பத்திரத்தின் இயல்பையும் ஆசிரியர்கள் நோக்குதல் தகும். இலங்கையில் மது விற்பனையை ஆள்வது 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம். ஒருமுறை பெற்றவன் என்றென்றைக்கும் விற்கலாம் என்பதன்று. அனுமதிப்பத்திரம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படல் வேண்டும். ஆகவே உடன்பாடும் ஆண்டுதோறும் புதிதாக நிகழ்கின்றது. 2024 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வெளியான பட்டியலின்படி அவ்வாண்டு வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரங்கள் 360க்கு மேற்பட்டவை. போரினால் நைந்த கிளிநொச்சி மாவட்டத்துக்கு மாத்திரம் 16. சிபாரிசு செய்த அரசியலாளர் யாவர் என்று நாடெங்கும் கேட்டனர். கேட்டது நன்றே. ஆனால் அப்பெயர்களைத் தேடுவதில் எமக்கிருந்த ஊக்கம், எமது மனுவின் கடைசி வரியை மீளப் படிப்பதில் இருந்ததில்லை.

யாம் இளமையிற் பயின்றது மிஷன் பள்ளிக்கூடம். குடி பாவம் என்று பாதிரியார் கண்ணீர் மல்க உபதேசிப்பார். அவரிடம் கற்ற ஒழுங்கை யாம் என்றும் மறவோம். ஆயினும் அவ்வுபதேசம் குடிப்பவன் ஒருவனையே நோக்கியது, கடையை நோக்கியதில்லை. பின்னாளிலே திருக்குறளை முறையாகப் படித்தபொழுது ஒன்று எம்மைத் தடுத்து நிறுத்தியது. புலான்மறுத்தலைத் துறவறத்துள் வைத்த ஆசிரியர், கள்ளுண்ணாமையை அறத்துப்பாலில் வைத்திலர். பொருட்பாலிலே, சூதுக்கு முன்னே வைத்தார். இஃது ஒருவனது உள்ளத் தூய்மையோடு அமைவதன்று. அரசும் குடியும் சேர்ந்து தாங்கவேண்டிய கேடு என்பது அவர் கருத்தென்று யாம் கொள்கின்றோம்.

சித்தாந்தமும் இதற்கு இயைந்ததே. தனு, கரணம், புவனம், போகம் என்பவற்றை இறைவன் உயிர்க்குக் கூட்டியது ஆணவ இருளில் ஒரு சிறிதேனும் வழி காண்டற்பொருட்டு. அவற்றுட் கரணத்தைக் கெடுப்பது மது. குடிப்பவன் தன் விளக்கைத் தானே அவிக்கின்றான். அவனைக் கண்டு இரங்குவதன்றி இகழ்தற்கு நமக்கு உரிமையில்லை; நமது இருளும் இன்னும் நீங்கிற்றில்லை. புவனமும் இறைவன் கூட்டியதே என்பதை நாம் மறந்துவிடுகின்றோம். ஒழுங்கையும், அதன் முனையும், அங்கு இரவிற் படரும் அச்சமும் அச்சிறுவனுக்கு அமைந்த புவனம். அதனை அவ்வாறு அமைத்ததில் எமக்கும் ஒரு பங்குண்டு. அஃது அவன் கன்மம் என்று சொல்லி யாம் தப்புதல் பொருந்தாது.

கடையை முற்றாக மூடினால் கசிப்புப் பெருகும் என்று அறிஞர் சிலர் கூறுவர். இத்தடையை எளிதிற் புறந்தள்ளல் கூடாது; கசிப்பு ஒழுங்கைகளிற் புகுந்ததை யாமும் கண்டுள்ளோம். ஆயின் கள்ளக்குறிச்சியிலே 2024 ஜூனில் நச்சுச் சாராயம் குடித்து 60க்கு மேற்பட்டோர் மாண்டபொழுது, அந்நாட்டில் அரசாங்கக் கடைக்குக் குறைவிருக்கவில்லை. வறியவன் மலிவானதை நாடினான். கடையிருந்தும் நஞ்சு வந்தது. கடையை மூடினால் நஞ்சு வாராது என்றும் யாம் கூறத் துணியோம். கசிப்பைத் தடுத்தல் பொலிசாரின் கடன். அக்கடன் நிறைவேறாமையைக் காட்டிக் கடைக்கு நியாயம் தேடுதல் முறையன்று. அரசிறை குறையும் என்பார்க்கு ஒரு செய்தி: 1937இல் சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கிய இராஜாஜி, 1939இல் விற்பனை வரியை விதித்து வருவாய்க்கு வேறு வழி கண்டார்.

இவ்வாண்டு மனு மறுபடியும் எழுதப்படுகின்றது. இம்முறை தூரத்தை அளக்கவில்லை. சைவர் மாத்திரமன்றி, இசுலாமியரும் கிறித்தவரும் பௌத்தரும் கையொப்பமிட வேண்டியதாதலால், பாவ புண்ணியம் பேசாது, இரவில் நடக்கும் பெண்களையும் தெருவில் விழுந்தவரையும் உறங்காத பிள்ளைகளையும்பற்றியே எழுதினோம். ‘அகற்றுக’ என்னும் சொல்லை அடித்து, ‘இந்த அனுமதிப்பத்திரத்தை எவ்விடத்துக்கும் புதுப்பியாது விடுக’ என்று மாற்றினோம். நண்பர் சிலர், இவ்வாறு கேட்டால் ஒன்றும் கிடையாது, அகற்றுமாறு கேட்டாலாவது கிடைக்கும் என்றனர். அவர் கூறுவது மெய்யாகலாம்.

கையொப்ப வரிசையில் அவ்வொழுங்கைக் குடியிருப்பாரின் பெயர்கள் முதலில் வரவேண்டுமென்று விரும்பி, சென்ற ஞாயிற்றுக்கிழமை மனுவைக் கொண்டு அச்சிறுவனின் தந்தையாரிடம் சென்றோம். அவர் படித்துப் பார்த்தார். “முந்தின மனு எழுதினதும் நீங்கள்தானே, மாஸ்ரர்?” என்று கேட்டார். ஆம் என்றோம். வைத்துவிட்டுப் போகச் சொன்னார். மனு இன்னும் அவர் வீட்டிலேயே இருக்கின்றது.