படகு வாங்கலாமா?

போன வருஷம் நானும் என் அக்கா வீட்டுக்காரரும் சேர்ந்து ஒரு படகு வாங்குவதாக இருந்தோம். 12 அடி அலுமினியப் படகு. ஆஸ்திரேலியாவில் செய்யும் குவின்ட்ரெக்ஸ். பழையதுதான், ஆனால் நன்றாகப் பார்த்துக்கொண்ட படகு. 15 குதிரைசக்தி மோட்டாரும் டிரெய்லரும் சேர்த்து 18,000 வெள்ளி. ஆளுக்குப் பாதி. கையில் பணம் இருந்தது, கடன் வாங்கத் தேவையில்லை. கடன் வாங்கித்தான் வாங்க வேண்டும் என்றிருந்தால் அம்மாவே "வேணாம்" என்று சொல்லி முடித்திருப்பார். நானும் யோசிக்க வேண்டி இருந்திருக்காது.

மூன்று வாரம் அந்தப் படகைப் பற்றியே பேச்சு. அலுமினியத்தின் எடை இரும்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். மோட்டாரைக் கழற்றிவிட்டால் இரண்டு மூன்று பேர் தூக்கிக் கரையேற்றி விடலாம். நாங்கள் போவது பேராவில் இருக்கும் தெமெங்கோர் ஏரிக்கு. 1970களில் அணை கட்டியபோது காடு முழுகி உண்டான ஏரி அது. செத்த மரங்கள் இன்னும் தண்ணீருக்குள் நிற்கின்றன. மரத்தில் மோதினால் பைபர் படகு விரிசல் விடலாம், அலுமினியம் பெரும்பாலும் நசுங்குவதோடு போய்விடும். தகட்டின் கனம், பற்றவைத்த இடங்கள், ஆணிகள் எல்லாவற்றையும் தட்டித் தடவிப் பார்த்தோம். குறை சொல்ல எதுவும் இல்லை.

"இந்தப் படகு நல்லதா?" என்ற கேள்விக்கு எங்களிடம் பதில் இருந்தது. "இது எதுக்கு?" என்று மட்டும் நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை.

விற்பவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களைப் பூலாவ் பண்டிங் பக்கம் படகில் ஏற்றிக்கொண்டு போனார். ஒரு சின்னக் குடாவில் மோட்டாரை நிறுத்திவிட்டு, "அங்க பாருங்க" என்றார். தண்ணீரின் மேல் சிவப்பாக ஒரு திட்டு. பொடிப் பொடியாக நூற்றுக்கணக்கான குஞ்சுகள் ஒன்றாக மேலே வந்து காற்றை விழுங்கிவிட்டுக் கீழே போயின. தோமான் மீனின் குஞ்சுகள். தோமான் நம்முடைய விரால் இனம்தான், உருவத்தில் பல மடங்கு பெரியது. குஞ்சுகள் வளரும் வரை தாயும் தகப்பனும் கீழே காவல் நிற்கும். தூண்டில்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். குஞ்சுக் கூட்டத்தின் நடுவே ரப்பர் தவளையைப் போட்டு இழுத்தால் பெரிய மீன் பாய்ந்து வந்து கடிக்கும். பசிக்காக அல்ல. தன் பிள்ளைகளை ஏதோ தின்ன வந்துவிட்டது என்று நினைத்துக் கடிக்கும்.

மச்சான் மூன்றாவது வீச்சிலேயே பிடித்துவிட்டார். பெரிய மீன். நாங்கள் கத்தியதில் ஏரியே அதிர்ந்திருக்கும். படம் எடுத்தோம். பிறகு மச்சான் அதைத் தண்ணீரில் விட்டுவிட்டார். "நாம என்ன கொலைகாரங்களா?" என்று சிரித்தார். அதற்குள் காற்று படகைத் தள்ளிக்கொண்டு போயிருந்தது. குஞ்சுகள் இருந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தேன். வேறு மீன்கள் வந்திருந்தன. தண்ணீர் பட படவென்று தெறித்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அந்தச் சிவப்புத் திட்டைக் காணவில்லை.

வீட்டுக்கு வந்தும் அது மனதை விட்டுப் போகவில்லை. மச்சானிடம் சொன்னேன்.

"நீ மீன் சாப்பிடற ஆளுதானே? நேத்துக்கூட அக்கா வச்ச மீன் குழம்ப ரெண்டு தடவை ஊத்திக்கிட்ட. அது மட்டும் பாவமில்லையா?"

நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இல்லை. "கொல்லாமைன்னு வள்ளுவர் ஒரு அதிகாரமே எழுதியிருக்காரே" என்றேன். மச்சான் விடவில்லை. "அது துறவறவியல்ல இருக்கு. சாமியாருக்குச் சொன்னது. நாம குடும்பஸ்தனுங்க."

அன்று இரவு குறளை எடுத்துப் பார்த்தேன். மச்சான் சொன்னது சரிதான். கொல்லாமை 33ஆவது அதிகாரம், துறவறவியலில்தான் வருகிறது. ஆனால் அதே இயலில் 29ஆவது கள்ளாமை, 30ஆவது வாய்மை. திருடாமல் இருப்பதும் உண்மை பேசுவதும் சாமியாருக்கு மட்டும்தான் என்று நாம் யாராவது சொல்வோமா? துறவிக்கு முழுமையாக வேண்டியது குடும்பஸ்தனுக்கு அவனால் முடிந்த அளவாவது வேண்டும். அப்படித்தான் எனக்குப் புரிந்தது.

சரி, அந்த அளவு எது? அதற்கு எனக்கு வழி காட்டியவர் ஒரு மீனவர். அதிபத்த நாயனார். நாகப்பட்டினத்துப் பக்கம் நுளைப்பாடியில் வாழ்ந்தவர். வலையில் விழும் மீன்களில் ஒன்றைச் சிவபெருமானுக்கு என்று கடலிலேயே விட்டுவிடுவார். ஒரு காலத்தில் நாளுக்கு ஒரே ஒரு மீன்தான் கிடைத்தது. அதையும் விட்டுவிட்டுக் குடும்பத்தோடு பட்டினி கிடந்தார். கடைசியில் ஒரு நாள் கிடைத்த ஒரே மீன் பொன்னும் மணியுமாக மின்னியது. அதையும் கடலில் விட்டார் என்று பெரியபுராணம் சொல்கிறது.

சின்ன வயதில் தேவார வகுப்பில் இந்தக் கதையைக் கேட்டபோது பக்தியை மட்டும்தான் பார்த்தேன். இப்போது இரண்டு விஷயம் கண்ணில் பட்டது. ஒன்று, அவர் மீன் பிடிப்பதை விடவில்லை. மீன் பிடிக்கிறவர் என்பதற்காக நம் சமயம் அவரைத் தள்ளி வைக்கவும் இல்லை. 63 பேரில் ஒருவராக வைத்துக் கும்பிடுகிறது. இரண்டு, அவருடைய எல்லை வலை வீசுவதற்கு முன்பே போட்டது. மீன் கைக்கு வந்த பிறகு, "இது தங்கமாச்சே, நாளைக்கு வேற மீன் விடலாம்" என்று அவர் பேரம் பேசவில்லை.

நாம் பெரும்பாலும் அதற்கு நேர்மாறு. முதலில் வாங்குவோம், பிறகு எல்லை போடலாம் என்போம். வாங்கிய பிறகு அந்தப் பொருளே நம்மை இழுக்கும். 9,000 வெள்ளி போட்ட படகு வீட்டு வாசலில் நின்றால், "சும்மா நிக்குதே" என்று மாதம் இரண்டு தடவை ஏரிக்குப் போவேன். போனால் வெறுங்கையோடு வர மனம் வராது. அப்போது அந்தச் சிவப்புத் திட்டைக் கண்டால் என் கை சும்மா இருக்குமா? இருக்காது என்று எனக்கே தெரியும். அன்று மச்சானுக்கு அடுத்து வீச நான்தான் தூண்டிலைத் தயாராக வைத்திருந்தேன்.

அதனால் மச்சானிடம் இரண்டு நிபந்தனை சொன்னேன். குஞ்சுக் கூட்டத்தில் தூண்டில் போடக்கூடாது. வீட்டில் சமைக்கப் போகும் மீனை மட்டும் பிடிப்போம், படம் எடுத்துவிட்டு விடுவதற்காகப் பிடிக்க வேண்டாம். இதற்குச் சம்மதம் என்றால் நாளைக்கே பணம் தருகிறேன் என்றேன்.

"இவ்வளவு ரூல்ஸ் போட்டா அப்புறம் என்னத்துக்கு படகு?" என்றார்.

கோபத்தில் கேட்டார். ஆனால் மூன்று வாரமாக நாங்கள் கேட்காமல் விட்ட கேள்வி அதுதான். சாப்பாட்டுக்கு மட்டும் என்றால் வருஷத்துக்கு நாலைந்து தடவை போதும். அதற்கு வாடகைப் படகே இருக்கிறது. மீதி நாளெல்லாம் அந்தப் படகு எங்கள் விளையாட்டுக்குத்தான். அந்த விளையாட்டில் மீனுக்குப் பங்கில்லை. அது உயிருக்கும் பிள்ளைக்கும் போராடுகிறது.

படகு வாங்கவில்லை. மச்சான் இரண்டு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. அக்காவும் நடுவில் சங்கடப்பட்டார். தீபாவளிக்குத்தான் பழையபடி பேசினோம். நான் சொன்னதை அவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. நான் இன்னும் மீன் சாப்பிடுகிறேன். அதையும் விட வேண்டும் என்று யாராவது சொன்னால் எதிர்த்துப் பேச என்னிடம் வலுவான பதில் இல்லை. வெள்ளிக்கிழமையோடு சனிக்கிழமையையும் சேர்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.

தம்பி தங்கைகளே, படகு வாங்குவது பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. அதே படகு ஒரு மீனவர் கையில் இருந்தால் அவர் வீட்டில் அடுப்பு எரியும். நீங்கள் வாங்க நினைப்பது மோட்டார்சைக்கிளாக இருக்கலாம், காராக இருக்கலாம். விலை, தரம், பிராண்டு எல்லாம் தாராளமாக விசாரியுங்கள். அதோடு, இதை வைத்து எதைச் செய்யமாட்டேன் என்பதையும் பணம் கட்டுவதற்கு முன்பே ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எழுதியதைப் படித்த பிறகும் அந்தப் பொருள் வேண்டும் என்று தோன்றினால் வாங்குங்கள்.

நான் எழுதிப் பார்த்தேன். இரண்டே வரிதான். 18,000 வெள்ளிப் படகுக்கு அதில் இடமில்லாமல் போய்விட்டது.