நீற்றறையில் மலர்ந்த பூ

தலைநகர் தில்லியில், ஜங்புராவை அடுத்துள்ள பாராபுல்லா வடிகாலின் கரையில் ‘மதராசி கேம்ப்’ என்றொரு குடியிருப்பு இருந்தது. பிழைப்புத் தேடித் தமிழகத்திலிருந்து வடக்கே சென்ற எளிய குடும்பங்கள் அரை நூற்றாண்டுக்கும் மேலாக அங்கு வாழ்ந்து வந்தன. பெண்களில் பலர் சுற்றுப்புறத்து வீடுகளில் சமையலும் வீட்டு வேலையும் செய்தனர். ஆண்கள் கிடைத்த கூலி வேலைக்குச் சென்றனர். பிள்ளைகள் பலர் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளில் தாய்மொழியையும் கற்று வந்தனர்.

வடிகாலின் நீரோட்டத்துக்குத் தடையாக இருந்து, மழைக்காலத்தில் வெள்ளம் தேங்கக் காரணமாகிறது என்று கூறி, தில்லி உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி 2025-ஆம் ஆண்டு ஜூன் 1-ஆம் நாள் அந்தக் குடியிருப்பு இடிக்கப்பட்டது. அங்கிருந்தவை ஏறத்தாழ 370 வீடுகள். பாதிக்குச் சற்றுக் கூடுதலான குடும்பங்களே மாற்று வீடு பெறத் தகுதியுடையவை எனக் கணக்கிடப்பட்டன. அவ்வீடுகளும் ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தொலைவில், நரேலாவில் இருந்தன. வேலை ஓரிடம், பள்ளி ஓரிடம், படுக்கை வேறிடம் என்றாயிற்று. எஞ்சியோருக்கு அதுவும் கிட்டவில்லை.

தமிழர் எங்கே குடியேறினாலும் இரண்டு பொருள்கள் உடன் செல்லும். ஒன்று வாசற்கோலம், மற்றொன்று, பழைய தகர டப்பாவிலாவது வளர்க்கப்படும் ஒரு துளசி அல்லது பூச்செடி. வீடு இடிபடும் நேரத்தில் ஒரு தாய், பாத்திரங்களையும் துணிமணிகளையும் மூட்டை கட்டியபின், அந்தச் செடியையும் கையில் எடுத்துக்கொள்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். பார்ப்பவர் என்ன நினைப்பர்? ‘தலைக்கு மேல் கூரையே இல்லை, இவளுக்குப் பூச்செடி ஒரு கேடா?’ என்று கேட்கக்கூடும். துன்பம் சூழ்ந்த வேளையில் அழகை நாடுவது பேதைமையா, அல்லது அதில் ஏதேனும் உண்மை உள்ளதா? இக்கேள்விக்கு நம் அருளாளர்களின் வாழ்க்கை விடை தருகிறது.

நீற்றறையில் நிலவு

திருநாவுக்கரசரைப் பல்லவ மன்னனின் ஆணைப்படி சுண்ணாம்புக் காளவாயில் இட்டுக் கதவடைத்தனர். ஏழு நாட்கள் அவர் அந்த நீற்றறையில் இருந்தார் என்று பெரியபுராணம் கூறுகிறது. அங்கு அவர் பாடிய பதிகத்தில் நெருப்பைப் பற்றிய புலம்பல் இல்லை. இறைவன் திருவடி நிழலின் குளிர்ச்சிக்கு உவமையாக வீணையிசை, அந்திநிலவு, தென்றல், இளவேனில், வண்டுகள் மொய்க்கும் பொய்கை ஆகியவற்றை அவர் நினைக்கிறார். இவை அரண்மனைப் பொருள்கள் அல்ல. தமிழகத்தின் எந்த ஊரிலும் ஏழைக்கும் செல்வருக்கும் பொதுவாகக் கிடைப்பவை. அவற்றை அவர் முன்பே அன்புடன் கண்டிருந்தார். ஆதலால் வெளியே எல்லாம் பறிக்கப்பட்ட வேளையில் உள்ளே அவை அவருக்குத் துணையாயின.

இதில் ஒரு நுட்பம் உள்ளது. துன்பத்தின் இயல்பு மனத்தைச் சுருக்குவது. ‘எனக்கு ஏன் இப்படி?’ என்ற ஒரே எண்ணத்தில் அது உயிரைப் பூட்டி வைக்கிறது. மலரை நோக்கும்போது, ஒரு கணமேனும் மனம் தன்னை விட்டு வெளியே வருகிறது. மலரைத் தொடுத்து இறைவனுக்குச் சூட்டும்போதோ, அது இன்னும் ஒருபடி மேலே செல்கிறது, இழந்தவன் கொடுப்பவனாகிறான். இலையோ பூவோ கனியோ நீரோ, அன்போடு தரப்படும் எதனையும் ஏற்பதாகக் கண்ணன் கீதையின் ஒன்பதாம் அத்தியாயத்தில் உறுதி கூறுகிறான். எதுவும் அற்றவரும் கொடுக்கும் தகுதியை இழப்பதில்லை என்பதே அதன் பொருள்.

கைகள் செய்யும் தவம்

திருப்புகலூரில் வாழ்ந்த முருக நாயனாரின் தொண்டு மிக எளியது. விடியுமுன் எழுந்து நீராடி, கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என நால்வகை மலர்களையும் அலரும் பருவத்தில் கொய்து, ஐந்தெழுத்தை ஓதியவாறே மாலை தொடுத்து இறைவனுக்குச் சாத்துவார். இந்த ஒரு பணியே அவரை நாயன்மார் அறுபத்துமூவருள் ஒருவராக்கியது. காலையில் சாத்திய மாலை மாலையில் வாடிவிடும் என்பது அவருக்குத் தெரியும். ஆயினும் மறுநாள் விடியலில் மீண்டும் பூக்கூடையை எடுத்தார்.

வாசற்கோலமும் இத்தகையதே. அரிசிமாவால் இட்ட கோலத்தை எறும்பு உண்கிறது. வழிப்போக்கரின் காலடி அழிக்கிறது. அதற்காக எந்தப் பெண்ணும் மறுநாள் கோலமிடாமல் இருப்பதில்லை. பயனைப் பற்றிக்கொள்ளாமல் செயலை முழுமையாகச் செய்வது என்று கீதை போதிக்கும் கர்மயோகத்தை, நம் தாய்மார்கள் வாசற்படியில் குனிந்து அன்றாடம் பயில்கின்றனர். அவ்வாறு பயின்றவளின் வாசலை ஓர் இயந்திரம் இடித்துவிடலாம்; வேறொரு வாசலில் முதற்புள்ளியை வைக்கும் அவளது கையை அதனால் இடிக்க முடியாது.

அண்மைக் காலத்திலும் சான்றுண்டு. வ.உ.சிதம்பரம் பிள்ளை 1908-இல் சிறைப்பட்டு, கோயம்புத்தூர்ச் சிறையில் செக்கிழுத்தார். உடல் நைந்த அச்சிறைவாசக் காலத்திலேயே ஜேம்ஸ் ஆலனின் நூலை ‘மனம்போல வாழ்வு’ என்ற பெயரில் தமிழாக்கினார். பகலில் பிறர் ஏவிய வேலை. கிடைத்த ஓய்வில் தாமே தேர்ந்த வேலை. பின்னது இருந்ததனால் முன்னது அவரது ஆன்மாவை அடிமைப்படுத்த இயலவில்லை.

ஓர் எச்சரிக்கை

இவ்விடத்தில் ஓர் உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். ‘துன்பத்திலும் அழகைக் காண்’ என்பது ஒருவர் தமக்குத் தாமே கூறிக்கொள்ள வேண்டிய உபதேசம். வீடிழந்து வெயிலில் நிற்பவரிடம், நிழலில் அமர்ந்திருப்பவர் இதைக் கூறினால் அது உபதேசமாகாது; இரக்கமின்மையாகும். பசித்தவருக்கு முதலில் தர வேண்டியது உணவு, வீடற்றவருக்கு வீடு.

இதற்கும் அப்பர் பெருமானே வழிகாட்டி. அவரும் திருஞானசம்பந்தரும் திருவீழிமிழலையில் தங்கியிருந்தபோது நாட்டில் பஞ்சம் வந்தது. இறைவன் நாள்தோறும் இருவருக்கும் ஒவ்வொரு பொற்காசு அருள, இருவரும் அதைக்கொண்டு அடியவருக்கு அமுதளித்தனர். சம்பந்தருக்குக் கிடைத்த காசில் வட்டம் இருந்தது. அப்பருக்குக் கிடைத்ததோ குறையற்ற காசு. அப்பர் உழவாரப்படை ஏந்திக் கைத்தொண்டும் புரிந்தவர் என்பதே காரணம் என்கிறது பெரியபுராணம். நீற்றறையில் தென்றலை நினைத்த அதே உள்ளம், பஞ்சத்தில் பிறர் பசியைத் தன் பசியாகக் கொண்டது. உண்மையான அழகுணர்ச்சி கருணையில் முடியும். கருணையில் முடியாத அழகுணர்ச்சி வெறும் பொழுதுபோக்கு.

நாம் செய்யத்தக்கது

துன்பத்தில் இருப்போர் நாள்தோறும் ஒரு சிறு பணியை மேற்கொள்ளலாம். ஒரு செடிக்கு நீர் வார்க்கலாம். ஒரு முழம் பூத் தொடுக்கலாம். நான்கு புள்ளி வைத்துக் கோலமிடலாம். அதை இறைவனுக்கு அர்ப்பணித்துவிட்டு, ‘இதனால் என் துயரம் தீருமா?’ என்று கேளாதிருக்க வேண்டும். துயரம் உடனே தீராமல் இருக்கலாம். ஆயினும் அன்றைய நாளின் ஒரு பகுதி துயரத்துக்குச் சொந்தமாகாமல் இறைவனுக்குச் சொந்தமாகியிருக்கும்.

வசதியுடன் வாழ்வோருக்கும் ஒரு கடமை உண்டு. பூஜைக்குப் பூ விற்கும் மூதாட்டியும், வீட்டைத் துலக்கித் தரும் பெண்மணியும் எங்கிருந்து வருகின்றனர் என்று என்றேனும் கேட்டதுண்டா? மதராசி கேம்ப் போன்ற ஒரு வாசலிலிருந்து அவர்கள் புறப்பட்டு வந்திருக்கக்கூடும். அந்த வாசல் நிலைக்க உதவுவதும், அது இல்லாமற்போனால் வேறொரு வாசல் அமையத் துணை நிற்பதும் இறைவழிபாடே ஆகும். பூஜையறையில் சாத்தும் மலரைத் தொடுத்த கைகளுக்கு, மறுநாள் கோலமிட ஒரு வாசல் இருக்கட்டும்.