தடைகளை முன்கூட்டியே எண்ணிப் பார்ப்பது தவக்குலுக்கு எதிரானதா?

 



ரமளான் முடியும்போது நம்மில் பலர் உறுதி எடுக்கிறோம். இனி ஃபஜ்ரை ஜமாஅத்தோடு தொழுவேன், சிகரெட்டைத் தொடமாட்டேன், வட்டிக் கடனிலிருந்து வெளியே வருவேன் என்கிறோம். ஷவ்வால் பாதிகூட ஆகாது, ஃபஜ்ரில் ஸஃப்புகள் குறைந்துவிடும். நம் நிய்யத்தில் பொய் இல்லை, அழுதுதான் துஆ செய்தோம். ஆனால் எது குறுக்கே வரும் என்று மட்டும் யோசிக்கவில்லை. யாராவது கேட்டால், "நல்ல காரியம் பேசும்போது தடையைப் பற்றிப் பேசாதீர்கள், அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்று சொல்லி அவர் வாயை அடைத்துவிடுகிறோம். இதையே தவக்குல் என்றும் நினைத்துக்கொள்கிறோம்.

நபி (ஸல்) அவர்களின் ஹிஜ்ரத்தைப் பாருங்கள். அல்லாஹ்வின் உதவி யாருக்கு உறுதி என்றால், அவர்களுக்குத்தான் உறுதி. அப்படியிருந்தும் 622-ஆம் ஆண்டு மக்காவை விட்டுப் புறப்பட்டபோது அவர்கள் எப்படிப் புறப்பட்டார்கள்? மதீனா இருப்பது வடக்கே. அவர்கள் சென்றதோ தெற்கே உள்ள ஸவ்ர் குகைக்கு. அங்கே மூன்று இரவுகள் தங்கினார்கள். மக்காவில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்ற செய்தியை அபூபக்கர் (ரலி) அவர்களின் மகன் அப்துல்லாஹ் இரவில் கொண்டுவருவார். ஆமிர் பின் ஃபுஹைரா ஆடுகளை ஓட்டிவந்து பால் கொடுப்பார். பயணத்துக்கான ஒட்டகங்களை அபூபக்கர் (ரலி) நான்கு மாதங்களுக்கு முன்பே தீனி போட்டுத் தயார் செய்து வைத்திருந்தார்கள். முஸ்லிமாக இல்லாத, ஆனால் பாதை நன்கறிந்த வழிகாட்டி ஒருவரைக் கூலிக்கு அமர்த்தியிருந்தார்கள். துரத்தி வருவார்கள், பசிக்கும், வழி தவறும் என்று ஒவ்வொரு தடைக்கும் முன்பே ஏற்பாடு இருந்தது.

அவ்வளவும் செய்த பிறகும் எதிரிகள் குகை வாசல்வரை வந்துவிட்டார்கள். கீழே குனிந்து பார்த்தால் போதும், கண்டுவிடுவார்கள். மனிதனால் ஆன ஏற்பாடெல்லாம் தீர்ந்துபோன அந்த இடத்தில்தான், அல்லாஹ் நம்மோடு இருக்கிறான் என்று நபியவர்கள் தம் தோழரைத் தேற்றினார்கள். தவக்குல் என்பது இதுதான், சகோதரர்களே! ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வை நம்பு என்று கற்றுத்தந்ததும் அதே நபிதான்.

இன்றைய உளவியலாளர்களும் இதற்கு நெருக்கமான ஒன்றைச் சொல்கிறார்கள். உடல் எடையைக் குறைக்க முயன்ற பெண்களை கேப்ரியேல் ஓட்டிங்கன் என்ற ஆய்வாளர் கவனித்தார். எல்லாம் இனிதாக முடிந்துவிட்டதைப் போலக் கனவு கண்டவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகவே எடை குறைந்தார்கள். கனவிலேயே மனம் திருப்தியடைந்து முயற்சியில் தளர்ந்துவிடுகிறது. பீட்டர் கோல்விட்சர் என்பவரோ, "இன்னது நேர்ந்தால் இன்னது செய்வேன்" என்று முன்பே முடிவு செய்பவர்கள் தம் இலக்கை அதிகம் எட்டுகிறார்கள் என்று காட்டினார்.

இங்கே ஒரு சந்தேகம் வரலாம். "அப்படிச் செய்திருந்தால்" என்று பேசுவது ஷைத்தானின் வேலைக்கு வழி திறக்கும் என்று நபியவர்கள் எச்சரித்திருக்கிறார்களே? ஆம். ஆனால் அது நடந்து முடிந்ததைப் பற்றியது. "செய்திருந்தால்" என்பது கத்ரோடு சண்டை போடுவது. "வந்தால் என்ன செய்வேன்" என்பது பயணத்துக்குக் கட்டுச்சோறு கட்டுவது. அதே ஹதீஸில், உனக்குப் பயன் தருவதில் ஆர்வம் கொள், அல்லாஹ்விடம் உதவி தேடு, இயலாதவனாக உட்கார்ந்துவிடாதே என்றும் கற்றுத்தந்திருக்கிறார்கள்.

அச்சம் வேறு, ஆயத்தம் வேறு. வறுமை வரும் என்று காட்டி ஸதகாவைத் தடுப்பவன் ஷைத்தான். தடையை நினைத்தபின் கை கட்டிக்கொண்டால் அது அவனுடைய ஊசலாட்டம். தடையை நினைத்தபின் ஒரு வேலை செய்தால் அது ஆயத்தம்.

ஆகவே இன்று வீட்டுக்குப் போய் ஒரேயொரு அமலை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு உங்களிடமுள்ள தடை எது என்று ஒளிக்காமல் கேளுங்கள். ஃபஜ்ருக்குத் தடை இரவு செல்போன் என்றால், இஷா தொழுததும் அதை அடுத்த அறையில் வையுங்கள். சிகரெட்டுக்குத் தடை டீக்கடை நண்பர்கள் என்றால், அவர்கள் நீட்டும்போது என்ன பதில் சொல்வீர்கள் என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். பிறகு கையேந்தி அல்லாஹ்விடம் ஒப்படையுங்கள்.

நம் நல்ல நிய்யத்துகளை அமல்களாக ஆக்கும் பாக்கியத்தை வல்ல ரஹ்மான் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.