பெயர் அறியாத அடிநாதம்

ஆம்பூரிலோ இராணிப்பேட்டையிலோ உருவான காலணி ஒன்றைக் கையில் எடுப்போர் மேல்தோலின் மெருகை வியப்பர். தையலின் நேர்த்தியைப் போற்றுவர். உள்ளட்டைக்கும் அடிப்பாகத்துக்கும் இடையே, பாதத்தின் வளைவு குலையாமல் காக்கும் சிறு எஃகுத் தகடு ஒன்று பல காலணிகளில் உண்டு. அது முறிந்த நாளில்தான் அப்படியொன்று இருந்ததே தெரியவரும். இசைக்குழுவில் பேஸ் வாசிப்பவரின் நிலையும் இத்தகையதே.

கியூபாவின் தாளங்களும் அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஜாஸ் இசையும் கலந்து பிறந்தது லத்தீன் ஜாஸ். அதன் தாளச் சாயல் நமக்கு முற்றிலும் அந்நியமன்று. 1960களில் விசுவநாதன்–இராமமூர்த்தி இரட்டையர் திரைப்பாடல்களில் போங்கோவை ஒலிக்கச் செய்தபோதே அது நம் செவியை எட்டிவிட்டது. இவ்விசையின் ஒலிப்பதிவில் டிரம்பெட்டும் பியானோவும் முன்னே நின்று பேசும். பேஸ் கீழே நின்று தாங்கும். அது தாங்கும் முறையே விந்தையானது. நான்கு தட்டுகள் கொண்ட சுற்றில், முதல் தட்டாகிய சமத்தில் அது பெரும்பாலும் புதிதாக மீட்டுவதில்லை. முந்திய சுற்றின் நான்காம் தட்டிலேயே வரவிருக்கும் சுரத்தை ஒலித்து, அந்நாதத்தைச் சமத்தின்மீது நீளவிடுகிறது. தாளம் தொடங்குமுன்பே பாட்டு எழும் நம் அதீத எடுப்பை இது ஒருவாறு ஒத்தது. பிறர் வந்து இறங்கும் இடத்தை முன்னரே விரித்துவைத்து, அவர்கள் இறங்கும் வேளையில் தான் அடங்கி நிற்பதே அதன் பணி.

இக்கலையில் தலைசிறந்தவர் 1918இல் ஹவானாவில் பிறந்த இஸ்ரவேல் லோப்பஸ். 'கச்சாவோ' என்றே அவரை அழைத்தனர். 1957இல், இரவு விடுதிகளில் வாசித்து முடித்த தோழர்களை அதிகாலையில் ஒன்றுகூட்டி, பெரிதும் மனோதர்மத்தாலேயே இயன்ற சிறு சிறு இசைப் பகுதிகளை அவர் பதிவு செய்தார். பின்வந்த இசைஞர்களுக்கு அவை பாடநூலாயின. ஆனால் 1962இல் தாயகம் விட்டு வெளியேறிய அம்மேதை, பிற்காலத்தில் மியாமி நகரில் திருமணங்களிலும் ஞானஸ்நான விருந்துகளிலும் வாசித்து வந்தார். 1993இல் நடிகர் ஆண்டி கார்சியா எடுத்த ஆவணப்படத்துக்குப் பின்னரே உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது. அப்போது அவருக்கு வயது எழுபத்தைந்தை நெருங்கியிருந்தது.

நம்மிடையேயும் இதுவே நிலை. இளையராஜாவின் பாடல்களில் பேஸ் கிட்டாரின் நடையை வியவாத இரசிகர் குறைவு. அதனை வாசித்த சசிதரனின் பெயரை அறிந்தோர் எத்தனை பேர்?

இங்கே ஒரு வினா எழுகின்றது. மறைந்து நிற்பதுதான் பேஸ் வாசிப்பவரின் அழகு என்றால், அவரை நாம் மறந்துவிடுவதில் தவறென்ன? தாழ்ச்சியை நாடுபவருக்குப் புகழ் எதற்கு? இவ்வாறு வாதிப்பது நமக்கு வசதியானது. ஆகவேதான் ஐயத்துக்குரியதும் ஆகின்றது. தாழ்ச்சி என்பது ஒருவர் தாமே உவந்து அணியும் ஆடை. பிறர் அதனை அவர்மீது போர்த்தும்போது அது புறக்கணிப்பாக மாறிவிடுகின்றது.

பாலாற்றங்கரையில் வாழும் நாம் இவ்வேறுபாட்டை நன்கு உணர வேண்டியவர்கள். சுண்ணாம்புத் தொட்டியருகே தோல் புரட்டுவோரும், தையல் பொறியின்முன் நாள் முழுதும் குனிந்திருக்கும் பெண்களும் ஆக்கிய காலணி, கடல் கடந்து எங்கோ உள்ள நிறுவனத்தின் பெயரைத் தாங்கிச் செல்கின்றது. அவர்களுக்குத் தாழ்ச்சியைப் பற்றி மறையுரை ஆற்றுவது எளிது. உரிய கூலியையும் காப்புறையையும் கேட்டுப் பெற்றுத் தருவது கடினம். உழைப்பின் மாண்பு, செய்யப்படும் பொருளைவிட அதைச் செய்யும் மனிதரிடமே வேரூன்றியுள்ளது என 1981இல் வெளியிட்ட சுற்றுமடலில் திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் தெளிவுபடுத்தியுள்ளார்.

திருவிவிலியம் இவ்வகையில் நமக்கு வழிகாட்டுகின்றது. யாப்பா நகரில் பேதுரு தங்கியது தோல் பதனிடும் சீமோனின் இல்லத்தில். இறந்த விலங்கைத் தொடும் அத்தொழிலை அன்றைய யூதர் இழிவாக எண்ணினர். தூய்மை, தீட்டு என்னும் பிரிவினையைத் தகர்த்த காட்சியைப் பேதுரு கண்டதும் அவ்விடத்து மாடியில்தான். திருத்தூதர் பணிகள் நூலில் சீமோன் ஒரு சொல்லும் பேசவில்லை. ஆயினும் அவருடைய பெயரும் தொழிலும், கடலோரத்தில் அவர் வீடு இருந்த இடமும் அங்கே எழுதப்பட்டுள்ளன.

மறைந்து நின்று தாங்குவது அவர்கள் நமக்கு அளிக்கும் கொடை. அவர்கள் பெயரைக் கேட்டறிவதும், அவர்களுக்கு உரியதை உரிய நாளில் அளிப்பதும் நாம் பட்டுள்ள கடன். நம் பங்கின் பாடகர் குழுவில் மூலையில் அமர்ந்து வாசிப்பவரிடமிருந்தே அதனைத் தொடங்கலாம். வரும் ஞாயிறன்று திருப்பலி முடிந்ததும் அவரிடம் சென்று பெயரைக் கேட்போமா?