விமானியின் வீட்டார் கேட்க வேண்டிய கேள்வி

போர் விமானி ஒருவரை அவர் குடும்பம் எவ்வாறு நினைவுகூர வேண்டும் என்பது இரு கடமைகள் மோதும் அறக்கேள்வி. ஒன்று, உறவுக்குச் செய்யும் கடமை. மற்றொன்று, அவர் பறந்த வானத்தின் கீழ் வாழ்ந்தோருக்கு உண்மையாக இருக்கும் கடமை.

இலங்கை உள்நாட்டுப் போரில் இரு தரப்பு விமானங்களும் குண்டு வீசிய மன்னார் மாவட்டம் இக்கேள்வியை நன்கு அறியும். 2007 ஜனவரி 2ஆம் திகதி இலுப்பைக்கடவைப் படகுத்துறையில் இலங்கை விமானப்படை நடத்திய தாக்குதலில் குழந்தைகள் உட்பட 15 பேர் உயிரிழந்தனர். விடுதலைப் புலிகளின் கடற்பிரிவான கடற்புலிகளின் தளமே தாக்கப்பட்டது என்றது அரசு. இறந்தவர்கள் பொதுமக்களே என்றார் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு. 2008 அக்டோபர் 28ஆம் திகதி இரவு விடுதலைப் புலிகளின் சிறு விமானங்கள் தள்ளாடி இராணுவ முகாமைத் தாக்கின. இழப்பு வானிலிருந்து மட்டும் வரவில்லை. மாவட்டத்தின் தெற்கேயுள்ள முசலியில் முஸ்லிம்கள் 1990 அக்டோபரில் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். 2007 செப்டம்பரில் அரசுப் படை நடவடிக்கையின்போது சிலாவத்துறை, முள்ளிக்குளம் மக்கள் இடம்பெயர்ந்தார்கள். இத்தகைய ஊரில் ஒரு தரப்பின் வீரத்தை மட்டும் பேசுவது அயல் வீட்டின் இழப்பை மறுப்பதாகிவிடும்.

விமானியின் வீட்டார் படும் துன்பமும் மெய்யானது. 1971 இந்திய-பாகிஸ்தான் போரில் காணாமற்போன இந்தியப் படையினரில் விமானிகளும் உண்டு. அவர்களைத் தேடி உறவினர்கள் 2007இல் பாகிஸ்தான் சிறைகளுக்கே சென்றார்கள். 2009 பெப்ரவரி 20ஆம் திகதி கொழும்பை நோக்கிப் பறந்து மடிந்த புலி விமானிகள் இருவருக்கும் பெற்றோர் இருந்தனர். பிள்ளையை இழந்த தாய் அழுவதற்கு அவன் செய்தவை எவ்விதத்திலும் தடையாகக் கூடாது.

பெருமைக்கோ விசாரணை வேண்டும். விமானிக்காக மூன்று நியாயங்கள் சொல்லப்படுவதுண்டு. நாட்டைக் காத்தார் என்பது முதலாவது. 1942 ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பைத் தாக்கவந்த ஜப்பானிய விமானங்களை எதிர்த்து எழுந்த ஹரிக்கேன் விமானிகளுக்கு அது முழுதாகப் பொருந்தும். அவர்கள் எதிர்கொண்டது ஆயுதம் தாங்கிய எதிரியை. குடியிருப்பின்மீது குண்டு வீசியவருக்கு அதே நியாயம் தானாக வந்துவிடாது. கட்டளைக்குப் பணிந்தார் என்பது இரண்டாவது. அது பழியின் பெரும்பங்கைக் கட்டளையிட்டவரிடம் சேர்க்கும். நிறைவேற்றியவரை முற்றாக விடுவிக்காது. உயரத்திலிருந்து பார்த்தால் ஆட்கள் தெரியமாட்டார்கள் என்பது மூன்றாவது. தெரியாதபோதுதான் கவனம் கூட வேண்டும். தாக்கும் முன் இலக்கைச் சரிபார்க்க இயன்ற யாவும் செய்ய வேண்டும் என்ற போர்ச்சட்ட நெறி, உள்நாட்டுப் போருக்கும் உரிய வழக்காறாக ஏற்கப்பட்டிருக்கிறது.

தமிழ் மரபில் இதன் இரு பக்கங்களும் இருக்கின்றன. புறநானூற்றின் 278ஆம் பாடலில், காக்கைபாடினியார் நச்செள்ளையார் காட்டும் முதிய தாய், மகன் புறமுதுகிட்டானா என்று அறியப் போர்க்களத்தில் பிணங்களைப் புரட்டித் தேடுகிறாள். அவன் வீரனாகவே வீழ்ந்தான் எனக் கண்டு மகிழ்கிறாள். அதே நூலின் 9ஆம் பாடலில் நெட்டிமையார் பாடும் முதுகுடுமிப் பெருவழுதி, பெண்டிரும் பிணியாளரும் காவலான இடம் தேடிக்கொள்ளுமாறு அறிவித்த பிறகே அம்பு எய்கிறான். முதற்பாடல் வீரனின் துணிவை அளக்கிறது; மற்றது அவன் அறத்தை. வான்போரில் முதல் அளவுகோல் மட்டும் போதாது. குண்டு விழுந்த இடத்தில் யார் இருந்தார்கள் என்பதையும் வீட்டார் கேட்டாக வேண்டும்.

இதனால் விமானியின் பழி பிள்ளைகள்மேல் ஏறிவிடாது. குற்றம் பரம்பரைச் சொத்தன்று. ஆனால் நடந்ததை மறுப்பது மறுப்பவரின் சொந்தச் செயல். அதற்கு அவரே பொறுப்பு. குடும்பம் துயரத்தைத் தயக்கமின்றிக் காக்கலாம். பெருமையை, செய்தது சரியானது எனத் தெரிந்த அளவுக்கு மட்டும் கொள்ளலாம். எஞ்சியதைப் பற்றி யாராவது உண்மை கேட்டால் தடுக்காமல் இருக்க வேண்டும். அரசு விமானிகளின் பறப்புப் பதிவுகளும் கட்டளைகளும் அரசிடம் இருப்பதால், அவற்றைத் திறந்துகாட்டும் கடமை வீட்டாரைவிட அரசுக்கே கூடுதலாக உண்டு.