இது யாருடையது?

வட இந்திய நகரம் ஒன்றில் உள்ள எங்கள் ஆசிரம நூலகத்திற்கு மாலை வேளைகளில் மாணவர்கள் பலர் படிக்க வருவதுண்டு. அவர்களுள் ஒருத்தி ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் நான்காம் ஆண்டு மாணவி. சட்டத்தின் ஒரு பிரிவை ஒரே நிமிடத்தில் எளிய இந்தியில் விளக்கும் காணொளிகளைத் தயாரித்து, நாளுக்கு ஒன்றாகச் சமூக ஊடகத்தில் வெளியிட்டு வந்தாள். பல்லாயிரம் பேர் அவற்றைப் பார்த்து வந்தனர்.

ஒருநாள் நூலகம் மூடும்வரை காத்திருந்து அவள் கேட்டாள்: "மகராஜ், படிப்பு, வீடு, காணொளி ஆகிய மூன்றையும் எப்படிச் சமன் செய்வது? எதற்குமே நேரம் போதவில்லையே!"

அதிகாலையில் எழுந்திரு, அட்டவணை போட்டுக்கொள், கைபேசியைச் சற்றுத் தள்ளி வை என்று வழக்கமான விடையைச் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அவளது முகத்தில் தெரிந்தது நேரத்தைப் பற்றிய கவலை அன்று. எனவே பேசாமல் இருந்தேன். சிறிது நேரத்தில் அவளே நடந்ததைக் கூறினாள்.

நடந்தது என்ன?

சட்டக் கல்லூரி ஒவ்வொன்றும் சட்ட உதவி மையம் ஒன்றை நடத்த வேண்டும் என்பது இந்திய பார் கவுன்சிலின் 2008-ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகளில் உள்ள ஏற்பாடு. வழக்கறிஞரை அமர்த்த வசதியில்லாத எளிய மக்கள் அங்கு வருவார்கள். மாணவர்கள் அவர்களது குறையைக் கேட்டு எழுதிக்கொள்வார்கள். அப்படி ஒரு தாய், கணவனிடமிருந்து ஜீவனாம்சம் பெற வழி உண்டா என்று கேட்டு வந்தார். இம்மாணவிதான் அவரது கதையைப் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டவள்.

அது பருவத் தேர்வு நெருங்கிய வாரம். தந்தையோ மருத்துவமனையில். அன்றைய காணொளிக்குப் புதிதாக எதையும் படித்துத் தயாரிக்க அவளால் இயலவில்லை. பிற்பகலில் கேட்ட கதை மட்டும் நெஞ்சில் பசுமையாக இருந்தது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் புதிய நாகரிக் சுரக்ஷா சம்ஹிதையின் 144-ஆம் பிரிவாக மாறியதை விளக்க அந்தக் கதையையே எடுத்துக்காட்டாகச் சொல்லிவிட்டாள். மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நின்றபடியே பதிவு செய்தாள். அந்தத் தாயின் பெயரைச் சொல்லவில்லை. ஆயினும் அவரை அறிந்தவர் கண்டுகொள்ளப் போதுமான அடையாளங்கள் அதில் இருந்தன. அவை எவை என்பதை இங்கே எழுதுவது முறையன்று.

அதுவரை அவள் வெளியிட்டவற்றுள் மிகுதியானோர் பார்த்தது அந்தக் காணொளியைத்தான். பார்த்தவர்களுள் அந்தத் தாயின் தெருவைச் சேர்ந்த ஒருவரும் இருந்தார். சில நாட்களில் செய்தி கணவனின் வீட்டை எட்டியது. அந்தத் தாய் அதன்பின் மையத்திற்கு வரவில்லை.

"நான் பொய் எதுவும் சொல்லவில்லை. பெயரையும் சொல்லவில்லை. அதைப் பார்த்து, எங்கே மனு செய்வது என்று எத்தனையோ பெண்கள் கேட்டு எழுதினார்கள். அப்படியானால் என் பிழை எது, மகராஜ்?" என்று கேட்டாள். முதலில் கேட்ட கேள்வியும் இதுவும் வெவ்வேறல்ல என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

எண்ணிக்கையின் வாதம்

அவளது வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. மிகப் பலருக்கு மிகுந்த நன்மை தருவதே நற்செயல் என்னும் கருத்துக்கு ஜான் ஸ்டூவர்ட் மில் போன்ற பேரறிஞர்கள் வலுச் சேர்த்துள்ளனர். சட்ட அறிவு மக்களிடம் பரவுவது நன்மையே. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டமும் சட்ட விழிப்புணர்வைப் பரப்புவதை ஒரு கடமையாகக் கூறுகிறது. உச்ச நீதிமன்ற நடவடிக்கைகளை நேரலையில் ஒளிபரப்பலாம் என்று 2018 செப்டம்பரில் தீர்ப்பு வந்ததே, அதற்கு மனுச் செய்தவர்களுள் ஒருவர் சட்ட மாணவர்தான். ஆகவே இளைஞர்கள் காணொளி தயாரிப்பதை வெறும் புகழாசை என்று ஒதுக்குவது நேர்மையாகாது.

ஆனால் அந்தத் தாயை இந்தக் கூட்டலில் எந்த எண்ணாகச் சேர்ப்பது? பல்லாயிரம் பேரின் பயன் ஒரு பக்கம், ஒருவரின் துயரம் மறுபக்கம் என்று நிறுத்தால் அவர் தோற்றுத்தான் போவார். இங்கேதான் 1785-இல் வெளிவந்த தம் அறநூலில் கான்ட் ஓர் எல்லை வகுத்தார். எந்த மனிதரையும் வெறும் கருவியாக மட்டும் நடத்தலாகாது என்பது அவரது கருத்து. உதவி நாடி வந்த தாய், அந்த ஒரு நிமிடத்தில் ஒரு பாடத்திற்கான எடுத்துக்காட்டு ஆகிவிட்டார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. பிழை அங்கே இருக்கிறது.

சமன் என்பது எது?

நேரப் பற்றாக்குறைக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று அன்பர்கள் கேட்கலாம். நேரம் குறைந்தபோது அவள் எதைக் குறைத்துக்கொண்டாள் என்று பாருங்கள். நாள்தோறும் ஒரு காணொளி என்ற கணக்கை அவள் குறைக்கவில்லை. அதற்குப் பதிலாக, கைக்கு எட்டியது எதுவோ அதை எடுத்துக்கொண்டாள். கைக்கு எட்டியதோ பிறருடையதாக இருந்தது.

சமன் என்றால் மூன்றுக்கும் எட்டெட்டு மணி நேரம் என்று பங்கிடுவதன்று. நடுநிலை என்பது எண்களின் நடு அன்று என்பதற்கு அரிஸ்டாட்டில் உணவை உதாரணம் காட்டுகிறார். பத்துப் பங்கு உணவு அதிகம், இரண்டு பங்கு குறைவு என்பதால் எல்லோருக்கும் ஆறு பங்கு என்று பயிற்சியாளர் விதிப்பதில்லை. மைலோ என்னும் மல்லனுக்கு அது போதாது; புதிதாகப் பயிற்சிக்கு வந்தவனுக்கு அதுவே மிகுதி. நேரமும் அப்படியே. தேர்வு வாரத்தில் படிப்பிற்குப் பெரும்பங்கு சேர்வதும், தந்தை நோயுற்ற வாரத்தில் அவருக்குப் பெரும்பங்கு சேர்வதும் சமன் குலைவது ஆகா.

அப்படியானால் அளவுகோல் எது? சட்டத்திலேயே அது இருக்கிறது. ரோமானிய சட்ட அறிஞர் உல்பியன், அவரவர்க்கு உரியதை அவரவர்க்கு அளிக்கும் உறுதியே நீதி என்ற கருத்தைக் கூறினார். 533-இல் ஜஸ்டினியன் பேரரசரின் சட்டத் தொகுப்பில் அது இடம்பெற்றது. துலாக்கோலை நீதியின் சின்னமாக நாம் கொண்டிருப்பதும் பொருத்தமே. எனவே, "இதற்கு எத்தனை மணி நேரம்?" என்று கேட்குமுன், "இது யாருடையது?" என்று கேட்பதே சமனின் தொடக்கம்.

மூன்று உடைமைகள்

நம்பிச் சொல்லப்பட்ட கதை, சொன்னவருக்கு உரியது. கட்சிக்காரர் கூறியதை வழக்கறிஞர் வெளியிடலாகாது என்று 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் 126-ஆம் பிரிவில் கூறியது. இன்று அதே பாதுகாப்பு, 2023-ஆம் ஆண்டின் புதிய சாட்சியச் சட்டத்தில் 132-ஆம் பிரிவாக உள்ளது. அப்பிரிவு மாணவியைக் கட்டுப்படுத்துமா என்று வாதிடலாம். ஆனால் அந்தத் தாய் பிரிவு எண்ணைப் பார்த்துப் பேசவில்லை. எதிரே அமர்ந்திருந்த பெண்ணின் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

ஒருவருக்கென்று அளித்த நேரம் அவருக்கு உரியது. தந்தையின் படுக்கையருகே அமர்ந்திருக்கும் மகள், இந்தக் காட்சி காணொளிக்கு உதவுமா என்று ஒருகணம் எண்ணினாலும், அந்தக் கணத்தில் அவள் அங்கு இல்லை. உடல் இருக்கிறது, உள்ளம் பார்வையாளர்களிடம் போய்விட்டது. நோயுற்றவர்கள் இதை நம்மைவிட விரைவில் உணர்கிறார்கள்.

மூன்றாவது, அறிவு. கேட்ட மாத்திரத்தில் அறிவு நமக்கு உரியதாகிவிடுவதில்லை. 511 பிரிவுகள் கொண்ட 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில், 358 பிரிவுகள் கொண்ட பாரதிய நியாய சம்ஹிதை 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய சட்டமே பொருந்துவதால் இன்றைய மாணவர் இரண்டையும் கற்றாக வேண்டும். 302 என்பது 103 ஆயிற்று என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். எந்தக் கொலை கொலைக்குற்றம் ஆகும், எது ஆகாது என்று அறியப் பல மாதங்கள் வேண்டும். காலையில் படித்ததை மாலையில் உலகிற்குக் கற்பிப்பவர், தாம் கற்றுவிட்டோம் என்று தாமே நம்பிவிடும் அபாயம் இருக்கிறது. ஐந்தாண்டுப் படிப்பு அந்த நிதானத்திற்காகத் தரப்பட்ட காலம்.

வழக்கறிஞர் தொழிலுக்கும் இத்தகைய அடக்கம் விதிக்கப்பட்டுள்ளது. பார் கவுன்சிலின் 36-ஆம் விதி, நேரடியாகவோ மறைமுகமாகவோ விளம்பரம் செய்து வழக்குத் தேடுவதைத் தடுக்கிறது. 2008-இல் செய்த திருத்தம், பெயர், முகவரி, தகுதி போன்ற சில விவரங்களை இணையதளத்தில் தர மட்டுமே இடமளித்தது. மாணவப் பருவத்தில் இவ்விதி பொருந்தாது. ஆயினும் தன்னைக் காட்டிக்கொள்ளும் பழக்கம் ஐந்தாண்டுகள் வேரூன்றிவிட்டால், கருப்பு அங்கி அணியும் நாளில் அது தானாக உதிர்ந்துவிடுமா?

என் பங்கிற்கு

இதை எழுதும்போது எனக்கும் ஒன்று நினைவிற்கு வருகிறது. பல ஆண்டுகளுக்கு முன், கட்டுரைக்கான கெடு நெருங்கிய ஒரு நாளில், அன்பர் ஒருவர் என்னிடம் தனிமையில் கூறிய வீட்டுத் துயரத்தைப் பெயர் குறிப்பிடாமல் எழுதிவிட்டேன். நல்ல கட்டுரை என்று பலர் பாராட்டினர். அடுத்த முறை அவர் வந்தபோது வணங்கினார், நலம் விசாரித்தார். தம்மைப் பற்றி மட்டும் எதுவும் பேசவில்லை. இன்றுவரை பேசியதில்லை. எனக்குப் படப்பிடிப்புக் கருவி தேவைப்படவில்லை. ஒரு பேனாவே போதுமாக இருந்தது. ஆகவே இது இளைஞர்களின் குறை மட்டுமன்று.

மாணவியிடம் இதைத்தான் சொன்னேன். அட்டவணை எதுவும் தரவில்லை. அவள் அந்தக் காணொளியை நீக்கினாள். மையத்தின் பேராசிரியையுடன் சென்று அந்தத் தாயிடம் மன்னிப்புக் கேட்டாள். அவர் கதவருகிலேயே நின்று கேட்டுக்கொண்டார், உள்ளே அழைக்கவில்லை. பின்னர் வேறொரு மாணவியின் உதவியுடன் மனுவைத் தாக்கல் செய்தார் என்று அறிகிறேன். இப்போது இவள் வாரத்திற்கு ஒரு காணொளி மட்டும் வெளியிடுகிறாள். அச்சில் வந்த தீர்ப்புகளையும், கற்பனை என்று அறிவித்துவிட்ட எடுத்துக்காட்டுகளையும் தவிர வேறெதையும் பயன்படுத்துவதில்லை. பார்ப்பவர் தொகை குறைந்துவிட்டது. அது வருத்தம் தருகிறது என்பதையும் அவள் மறைக்கவில்லை.

அவளது இசைவுடன்தான் இதை எழுதினேன். அச்சுக்கு அனுப்புமுன் அவளிடம் படிக்கக் கொடுத்தபோது இரண்டு வரிகளை நீக்கச் சொன்னாள். இரண்டும் அந்தத் தாயைப் பற்றியவை. நீக்கிவிட்டேன்.

மாணவராயினும், இல்லறத்தாராயினும், எழுதுபவராயினும், நம் எல்லோருக்கும் நாட்கள் நெருக்கடியானவையே. நேரம் போதாத நாளில் எதையாவது விட்டுத்தான் ஆக வேண்டும். அன்று நமக்கு உரியதை விட்டுக்கொடுப்போம். பிறருக்கு உரியதில் கை வைக்காதிருப்போம்.